பொட்டு வைத்த கியர்பாக்ஸ்

"ஸ்டெல்லா, அருளுக்கு ஒரு போனப் போடு. லேத்த வித்துறலாம்னு சொல்லிரு."

கார் ஷெட்டில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரர் இதைச் சொன்னார். இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்திருந்தார். வலது கை அப்படியும் அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

மோட்டாரை அப்போதுதான் நிறுத்தியிருந்தார். ஷெட் முழுக்கச் சூடேறிய எண்ணெய் வாசனை. வடைச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால் புகைவதற்கு முன்னால் ஒரு வாசனை வருமே, அதேதான்.

நான் மோர்த் தம்ளரோடு வாசலில் நின்றேன்.

"இப்ப என்ன ஆயிப்போச்சு?"

"ஒண்ணும் ஆகல. கை போச்சு. அம்புட்டுத்தான்."

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். வார்டில் நர்ஸாக இருந்தபோது டாக்டர்களே என்னிடம் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்கள். அன்றைக்கு ஆனால் கோபம் வரவில்லை. இந்த மனுசர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இத்தனை வாரமும் இந்தப் பத்தியில் ஆஸ்பத்திரிக் கதையாகச் சொல்லி வந்தவள் திடீரென்று லேத்துப் பட்டறைக்குள் நுழைகிறேனே என்று நினைக்காதீர்கள். இதிலும் ஒரு நோயாளி உண்டு. இரண்டு பேர் என்றுகூடச் சொல்லலாம்.

காரில்லாத ஷெட்

என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி பாலிடெக்னிக்கில் பணிமனைப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர். லேத்தில் இரும்பைச் சுழலவிட்டுக் கடைவதை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர். நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இரண்டு பேரும் காரைக்குடியிலேயே வேலை பார்த்து, காரைக்குடியிலேயே வீடு கட்டினோம்.

கட்டும்போது மேஸ்திரி ஒரு கார் ஷெட்டும் போட்டுக் கொடுத்தார். கார் வரவே இல்லை. இவர் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய லேத்து வந்து அங்கே இறங்கியது.

டிராக்டரில் வைத்து அதைக் கொண்டுவந்தபோது தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு ஆச்சி நிதானமாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மல்லி மொளகா அரைப்பீகளா, இல்ல மாவு மட்டுந்தானா?" என்று கேட்டார். இவர் சிரிக்காமல், "இது இரும்பு அரைக்கிற மெஷினு ஆச்சி" என்றார். ஆச்சி விடவில்லை. "அத அரைச்சு யாரு திங்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார்.

அப்புறம் அதே ஆச்சியின் வீட்டுப் பெரிய கதவுக்குக் குமிழாணி கடைந்து கொடுத்ததும் இந்த லேத்துதான். கோயில் சப்பரத்துக்குச் சக்கரம், மிக்சிக்கு புஷ், தையல் மெஷினுக்கு ஒரு திருகு என்று யாராவது ஒருவர் வாசலில் நின்றுகொண்டே இருப்பார். இவருக்குச் சாப்பாடே வேண்டாம், அந்தச் சத்தம் போதும்.

பிறகு கை ஆட ஆரம்பித்தது.

மதுரையில் டாக்டர் நடுக்குவாதம் என்று சொல்வதற்கு வெகுநாள் முன்பே எனக்குத் தெரியும். காபித் தம்ளர் மேசையில் லொடலொடவென்று அடிக்கிறதைக் கேட்டே தெரிந்துகொண்டேன். சும்மா இருக்கும்போதுதான் அந்தக் கை அதிகம் ஆடும். வேலையில் இறங்கினால் ஓரளவு அடங்கும். ஆள் பதறினால் கூடும். இதை நூறு தடவை சொல்லியிருப்பேன். கட்டின பெண்டாட்டி சொன்னால் எந்த நோயாளி கேட்கிறான்?

லேத்தில் மரை, அதாவது திருகுப் புரி, வெட்டுவதுதான் அவருக்குச் சிரமமாகிப் போனது. அவருடைய லேத்து பழைய மாதிரி. ஒவ்வொரு அளவு மரைக்கும் பக்கவாட்டில் இருக்கும் பற்சக்கரங்களைக் கழற்றி வேறு சக்கரங்களை மாட்டி, சின்னச் சின்ன நட்டுகளைப் போட்டு முடுக்க வேண்டும். நட்டு கையில் நிற்காது. இரும்புச் சீவல் குவியலுக்குள் விழுந்து, ஒரு மத்தியானம் முழுக்க அதில் துழாவிக்கொண்டிருந்தார். நான் தேடித் தருகிறேன் என்று போனதற்கு, "நீ போ அங்குட்டு" என்று எரிந்து விழுந்தார்.

அப்போதுதான் கியர்பாக்ஸ் யோசனை வந்தது. எல்லாச் சக்கரங்களும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். லிவரை இங்குட்டு ஒரு தள்ளு, அங்குட்டு ஒரு தள்ளு, வேண்டிய அளவு வந்துவிடும். நட்டும் வேண்டாம், தேடலும் வேண்டாம்.

மகன் அருள் ஓசூரில் வேலையாக இருக்கிறான். நல்ல பிள்ளை, மருமகளும் தங்கம். "எதுக்குப்பா அங்க தனியாக் கெடந்து கஷ்டப்படுறீக, இங்க வந்துருங்க" என்று வாரா வாரம் கூப்பிடுவான். இவர் அவனிடம் கடைசியாக ஒரு வாக்குக் கொடுத்தார்.

"பெட்டிய என் கையால மாட்டி ஓட்டிப் பாக்குறேன்டா. ஓடுச்சுன்னா நாங்க இங்கன இருக்கோம். ஓடலன்னா லேத்த வித்துட்டு, நீ கூப்புட்ட எடத்துக்கு வர்றோம்."

மகனோடு இருக்க எனக்கு என்ன கசப்பா? பேரனை மடியில் வைத்துக்கொள்ள ஆசையில்லாமலா இருக்கும்? ஆனால் கை விட்டுப்போச்சு என்று முடிவுகட்டிக்கொண்டு பால்கனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு வருவார்கள். கட்டிலிலிருந்து எங்கள் வார்டுக்கு வருவார்கள். இவருக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. போவதென்றால் ஜெயித்துவிட்டுப் போகட்டும், தோற்றுப் போய்ப் போகக் கூடாது.

பஞ்சவர்ணம் வைத்த பொட்டு

கியர்பாக்ஸ் கிடைத்தது கோட்டையூர் வெள்ளைச்சாமி அண்ணனிடம். விவசாயிகளுக்குப் பம்ப்செட் மோட்டார் பழுது பார்த்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். எங்கள் லேத்தும் அவருடைய லேத்தும் ஒரே அச்சில் வார்த்தவை. அவருடையதில் கியர்பாக்ஸ் உண்டு, எங்களுடையதில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய மனைவி பஞ்சவர்ணம் அக்கா இறந்துபோனார். அதற்குப் பிறகு அண்ணன் பட்டறையைத் திறக்கவில்லை. தேய்ந்துபோன லேத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கியர்பாக்ஸை மட்டும் கழற்றி, ஒரு பழைய வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் வைத்து எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார். "பாத்துக்கங்க வாத்தியாரே" என்றார். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வேட்டியைப் பிரித்தால், பெட்டியின் முகப்பில் வலது ஓரத்தில் குமிழ் மாதிரிப் புடைத்த இடத்தில், நல்ல கனமாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். போன ஆயுத பூஜைக்கு வைத்தது. விரல் ரேகைகூடக் காய்ந்த சந்தனத்தில் அப்படியே பதிந்திருந்தது.

அது பஞ்சவர்ணம் அக்காவின் விரல். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் பொட்டு வைப்பது அவர்தான். அன்றைக்கு அவர் ஒருவரையும் கிட்டே விடமாட்டார். ஸ்பேனருக்கும் பொட்டு, சுத்தியலுக்கும் பொட்டு. ஒரு வருஷம் கும்பிடப் போன இவருடைய சைக்கிளுக்கும் பொட்டு வைத்துத்தான் அனுப்பினார்.

ஆயுத பூஜை என்றதும் எங்கள் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. அங்கேயும் அன்று சும்மா இருக்க மாட்டார்கள். ஸ்டெரிலைசருக்குச் சந்தனம், ஸ்ட்ரெச்சருக்கு மாலை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குக் குங்குமம். ஒரு தடவை எடை பார்க்கும் மெஷினின் கண்ணாடியிலேயே யாரோ பொட்டு வைத்துவிட்டார்கள். முள் எங்கே நிற்கிறதென்று தெரியாமல், பிறந்த பிள்ளைக்கெல்லாம் குத்துமதிப்பாக எடை எழுதினோம். அதைத் துடைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண், நான் தொட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நானும் பேசாமல் இருந்தேன். பொரியும் கடலையும் மட்டும் எல்லாருக்கும் முந்தி வாங்கிக்கொண்டேன்.

இவரும் அதே ஜாதி ஆள்தான், பொட்டைத் துடைக்கிற விஷயத்தில்.

பெட்டியைத் திறந்து, பற்சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, என் பழைய அலுமினியச் சட்டியில் டீசல் ஊற்றிப் பல் விளக்குகிற பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கறுப்புக் களிம்பெல்லாம் போய்ப் பல்லெல்லாம் பளிச்சென்று ஆனது. வெளிப்பக்கமும் துடைத்தார். பொட்டு இருந்த இடத்தை மட்டும், தடுப்பூசி போட்ட இடத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாதிரி, சுற்றிவரத் துடைத்தார்.

வலது ஓரத்தில் பற்சக்கரம் கோத்த ஷாஃப்டை மட்டும் கழற்றவில்லை. அதைக் கழற்ற வேண்டுமானால் அந்தக் குமிழின் மேல் மரச்சுத்தியலால் தட்ட வேண்டும். தட்டினால் சந்தனம் உதிர்ந்துவிடும்.

"செத்துப்போன மனுசி வச்ச பொட்டு ஸ்டெல்லா. நம்ம கையால உதிர்க்கக் கூடாது. அந்த ஷாஃப்டு நல்லாத்தான் சுத்துது, கெடக்கட்டும்" என்றார்.

நானும் சரி என்றேன். யாராயிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மாட்டிய கதை

பெட்டியை மாட்டிய அன்றைக்கு வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. தூக்கிப் பிடிக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். போல்ட்டுக்குக் கிட்டேகூட என்னை விடவில்லை.

லேத்தின் நீளத்துக்கும் ஒரு மரைக்கம்பி ஓடும். அதன் நுனி இந்தப் பெட்டிக்குள் போய் உட்கார வேண்டும். ஒரு மயிரிழை கோணினாலும் கம்பி இறுகிக்கொள்ளும். அதனால் பெட்டிக்கும் லேத்துக்கும் நடுவே சிகரெட் தாள் கனத்துக்குப் பித்தளைத் தகடுகளை வெட்டி வைத்து, கோணலைக் காட்டும் டயல் கேஜின் முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார். கை ஆடத்தான் செய்தது. தகடு கீழே விழுந்தது, எடுத்தார். மறுபடி விழுந்தது, மறுபடி எடுத்தார். நான் அங்கே நின்றால் பதறுவார் என்று தெரிந்து, முருங்கைக் கீரையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம், "ஸ்டெல்லா, வந்து பாரு" என்று கூப்பிட்டார். கம்பியைக் கையால் சுற்றிக் காட்டினார். தயிர் கடைகிற மத்து மாதிரி மெத்தென்று சுற்றியது. பெட்டியின் தலையில் இருக்கும் தட்டில் எண்ணெய் ஊற்றினார். அது துவாரம் துவாரமாக உள்ளே இறங்கி எல்லா இடத்துக்கும் போய்விடும் என்று எனக்கு வகுப்பு எடுத்தார். பாலிடெக்னிக்கில் அவர் பழகிய பெட்டிகள் எல்லாம் அப்படித்தான்.

சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டார். ஓடியது. லிவரைத் தள்ளினார், மரைக்கம்பியின் வேகம் மாறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாயசம் வைக்கலாமென்று அடுப்படிக்குப் போனேன்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். பால் பொங்குவதற்குள் ஷெட்டிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் கம்பி இறுகி, மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.

மறுநாள் கழற்றி, தகடுகளை மாற்றி வைத்து மாட்டினார். கொஞ்ச நேரம் ஓடும், பிறகு கீச். மறுபடி கழற்றினார். மறுபடி கீச். அந்த வாரம் முழுக்க இதே பாடு. முகம் நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே வந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிடுவார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் வீட்டுக்காரர் நேர் எதிர். கூடமே கோணலாக இருந்தாலும் தன் காலைத்தான் குறை சொல்வார். பெட்டி கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அதைக் கோணலாக வைத்தது தன் கை என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அப்படி எழுதிய அன்றைக்குத்தான் வாளி மேல் உட்கார்ந்துகொண்டு மகனுக்குப் போன் போடச் சொன்னார்.

உள்ளே போனதும் வெளியே வந்ததும்

போன் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போடவில்லை. மோரைக் குடிக்கவைத்து, வீட்டுக்குள் அனுப்பிக் கொஞ்சம் படுக்கச் சொன்னேன். பிறகு ஷெட்டைக் கூட்டலாமென்று போனேன். கோபமும் துக்கமும் வந்தால் நான் எதையாவது கூட்டுவேன்.

லேத்துக்குக் கீழே தரை நாசமாகிறதென்று ஒரு பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை மடித்துப் போட்டிருந்தேன். அதை இழுத்து வெயிலில் விரித்தேன்.

வார்டில் நாங்கள் சின்ன வயசிலேயே கற்றுக்கொள்கிற பாடம் ஒன்று உண்டு. நோயாளிக்கு உள்ளே என்ன போகிறதென்று பார்த்தால் மட்டும் போதாது, வெளியே என்ன வருகிறதென்றும் பார்க்க வேண்டும். பாட்டில் பாட்டிலாக ட்ரிப் ஏற்றியிருப்போம். மூத்திரப் பை காலியாகத் தொங்கும். அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிற நர்ஸை எங்கள் பழைய மேட்ரன் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்.

விரிப்பில் பெட்டி இருந்த நீளத்துக்கு எண்ணெய்க் கறைகள். ஒவ்வொரு ஷாஃப்டின் முனையிலிருந்தும் கொஞ்சம் கசிந்து சொட்டியிருக்கிறது. இடது பக்கம் கறை, நடுவில் கறை. வலது ஓரத்தில் மட்டும் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது.

பெட்டியிடம் போனேன். காய்ச்சல் பார்ப்பது மாதிரிப் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் வெதுவெதுப்பு. வலது ஓரத்துக் குமிழில் வைத்த கையைச் சுரீரென்று எடுத்துவிட்டேன். கட்டி கிளம்பின இடம் மாதிரிக் கொதித்தது.

பஞ்சவர்ணம் அக்காவின் பொட்டு அங்கேதான் இருந்தது.

"ஏங்க! இங்க வாங்க! எந்திரிச்சு வாங்கன்னா!"

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆச்சி ஜன்னலைத் திறந்துவிட்டார். இவர் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார். விரிப்பைக் காட்டினேன். குமிழைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"உங்க தட்டுல ஊத்துற எண்ணெ எல்லா எடத்துக்கும் போகுதுன்னீகளே, இங்க போகலயே. இதுக்குத் தனியா வாய் இருக்கணும்ல?"

அவர் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாகச் சொன்னார். "இருக்கும். பொட்டுக்கு அடியில இருக்கும். எண்ணெ இல்லாமச் சூடேறித்தான் இந்த ஷாஃப்டு இறுகுது."

முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தும் போனது.

நான் அடுப்படிக் கத்தியை எடுத்துவரத் திரும்பினேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "வேணாம். ஊரக் கூட்டிச் சொன்னாலும் நான் அதச் சொரண்ட மாட்டேன். வெள்ளைச்சாமி அண்ணனுக்கு அவுக விரல் பதிஞ்சது வேற ஒண்ணும் மிச்சமில்ல."

"அப்ப உங்க கை? ஒரு வாரமா உங்களையே திட்டிக்கிட்டுக் கெடந்தீகளே, அதுக்கு என்ன பதிலு?"

நானே கோட்டையூருக்குப் போன் போட்டேன்.

வெள்ளைச்சாமி அண்ணன் வந்தார்

"ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணே" என்று மட்டும்தான் சொன்னேன். டவுன் பஸ் பிடித்து மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். ஆள் பாதியாகியிருந்தார். பெட்டியைக் கண்டதும் பொட்டின் மேல்தான் அவர் கண் போனது.

"தொடைக்கலயா?" என்றார்.

"தொடைப்போமாண்ணே?" என்றார் இவர்.

நான் விரிப்பைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். ஒரு வாரமாகக் கழற்றி மாட்டியதையும், லேத்தை விற்கச் சொன்னதையும் ஒன்றும் மறைக்கவில்லை. அண்ணன் கேட்கக் கேட்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும் சிஸ்டரு."

"என்னது?"

"அது எண்ணெ ஓட்டைதேன். வருசா வருசம் அவ அங்கனதேன் பொட்டு வப்பா. பாக்க எடுப்பா இருக்கும்பா. பூசை முடிஞ்ச மறுநா, அவ வீட்டுக்குள்ள போனப்பறம், நான் ஒரு ஊசிய வச்சுப் பொட்டு நடுவுல குத்தி வழி பண்ணிவிட்ருவேன். கடேசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா சங்கடப்படுவா."

"இந்தத் தடவ?"

"இந்தத் தடவ பூசை அன்னைக்கே காச்சல்னு படுத்துட்டா. அப்பறம் ஆசுபத்திரி, வீடுன்னு அலைச்சல். லேத்து ஓடவே இல்ல. அவ போனப்பறம் ஊசிய எடுத்துக்கிட்டுப் போய் நின்னேன் சிஸ்டரு. குத்த மனசு வரல."

எனக்கு அப்போது வந்ததே கோபம்! "ஏண்ணே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? இந்த மனுசன் தன் கைதான் போச்சுன்னு சோறு தண்ணி எறங்காமக் கெடந்தாரு!"

"சொன்னா மொதக் காரியமா அதத்தான தொடைப்பீக. இன்னும் கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போகட்டுமேன்னு வாய மூடிக்கிட்டேன். வாத்தியாரு எப்புடியும் கழட்டிக் கழுவுவாரு, அப்பக் கண்ணுல பட்ரும்னு நெனச்சேன். அத விட்டுட்டு மிச்சத்தக் கழுவுவாருன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

சொல்லிவிட்டுத் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு ஆண்களும் ஒருவர் மனசு நோகக் கூடாதென்று இன்னொருவர் பார்த்துப் பார்த்து, ஒரு இரும்புப் பெட்டியைப் பட்டினி போட்டிருக்கிறார்கள். இவர்களை என்ன செய்ய?

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எழுந்தார். "ஊசி இருந்தாக் குடுங்க சிஸ்டரு. நானே குத்திர்றேன்."

வீட்டில் எப்போதும் ஒரு மருந்துப் பெட்டி வைத்திருப்பேன். அதிலிருந்து தடித்த ஊசி ஒன்றை எடுத்து உறையைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குனிந்தார். ஊசி முனை குங்குமத்துக்குக் கிட்டே போனது, திரும்பி வந்தது. மறுபடி போனது. அவருடைய கை வெடவெடவென்று நடுங்கியது. எந்த நோயும் இல்லாத கை.

"முடியல வாத்தியாரே."

"குடுங்கண்ணே."

என் வீட்டுக்காரர் ஊசியை வாங்கினார். வாய்வரைக்கும் வந்த "பாத்து" என்ற சொல்லை விழுங்கினேன். இடது கையால் குமிழைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கொண்டுபோனார். போகும்போது ஆடியது. குங்குமத்தின் நடுவில் முனையை வைத்ததும் நின்றுவிட்டது. மெல்ல உருட்டி உருட்டி உள்ளே இறக்கினார். காய்ந்த சந்தனம் மாவாக உதிர்ந்து அவர் விரலில் ஒட்டியது. ஓரம் உடையவில்லை. விரல் ரேகை இருந்த இடம் அப்படியே இருந்தது.

பிறகு சிரிஞ்சில் எண்ணெயை இழுத்து, அதே ஊசி வழியாக உள்ளே விட்டார். முதலில் போக மறுத்தது, கொஞ்சம் வழிந்தது. ஊசியை லேசாகத் திருப்பினார். அப்புறம் இறங்கியது. நிறையக் குடித்தது. ஒரு வாரத் தாகமல்லவா.

கம்பியைக் கையால் சுற்றிச் சுற்றி எண்ணெயைப் பரவவிட்டார். சுவிட்சைப் போட்டார்.

எந்த நேரமும் அந்தக் கீச் வரும் என்று என் காது அங்கேயே இருந்தது. வரவில்லை. லிவரை ஒவ்வோர் இடமாகத் தள்ளிப் பார்த்தார். ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய் உலை வைத்துவிட்டு வந்தேன், ஓடிக்கொண்டிருந்தது. குமிழில் புறங்கையை வைத்தேன். லேசான வெதுவெதுப்புதான். வலது முனையிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் திரண்டு கீழே விழுந்தது. மூத்திரப் பையில் முதல் சொட்டைப் பார்த்தால் வார்டில் எங்களுக்கு வருமே ஒரு சந்தோஷம், அது வந்தது.

"நேராத்தான் மாட்டியிருக்கேன்" என்றார் இவர், யாரிடமும் இல்லாமல். "மொத நாளே நேராத்தான் மாட்டியிருக்கேன்."

நான் விரிப்பை மடித்து மறுபடி லேத்துக்குக் கீழே போட்டேன்.

அண்ணனைச் சாப்பிடாமல் விடவில்லை. சாப்பிட்டுக் கிளம்பும்போது மறுபடி ஷெட்டுக்குள் வந்து, பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவரை எப்படித் தேற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் சொன்னேன்.

"வர்ற ஆயுத பூசைக்கு நானே பொட்டு வச்சுர்றேண்ணே. எங்களுக்குப் பழக்கமில்ல, ஆனா வைக்கிறேன். ஓட்டைய விட்டு இங்குட்டுத் தள்ளி வச்சுர்றேன்."

அண்ணன் தலையை ஆட்டினார்.

"வேணாம் சிஸ்டரு. ஓட்ட மேலயே வைங்க. மறுநா குத்துறதுக்கு நான் வருவேன்ல?"

என் வீட்டுக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "வாங்கண்ணே. நாங்க இங்கனதான் இருப்போம்."